நான் கொட்டிய குழம்பு

எங்கே இருக்கிறாய் என்று தெரியாத என் மகனுக்கு ஆத்தா எழுதுகிறேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. புதுக்கோட்டையில் நீங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து, விசாலத்தையும் குழந்தையையும் இங்கே பொன்னமராவதிப் பக்கம் நம் ஊருக்கே கூட்டி வந்துவிட்டேன். விசாலத்தின் அப்பா அறந்தாங்கியிலிருந்து வந்து அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். "அவுக திரும்பி வந்தா மொதல்ல இங்கதான் வருவாக, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நீ போகிற அன்று எனக்குப் போட்ட கடிதத்தில் விலாசம் இல்லை. திருச்சி முத்திரை மட்டும் விழுந்திருந்தது. திருச்சியிலிருந்து ரயில் நாலு பக்கமும் போகும், நான் எந்தப் பக்கம் தேடுவேன்? அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மடத்திலோ சத்திரத்திலோ நீ இருந்தால் அங்கே யாராவது பத்திரிகை வாசிப்பார்கள். இருபத்தாறு வயது, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். இப்படி ஒருவனைப் பார்த்தவர்கள் தயவுசெய்து இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டு விஷயத்தை ஊருக்கு எழுதுகிறாளே என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் வெட்கப்பட வேண்டியது பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறது. நாலு பேர் படிப்பதால் அது கூடிவிடப் போவதில்லை.

உன் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் இரண்டு இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குழந்தைக்கு ஒன்பது நாள் ஜுரம் கண்டு பிழைத்தது என்றும், பற்று எவ்வளவு பெரிய துன்பம் என்பதை அந்த ஒன்பது நாளில் அறிந்துகொண்டேன் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "சிறு வயதிலிருந்து நீங்கள் காட்டிய வழியில்தான் போகிறேன் ஆத்தா, ஆசீர்வாதம் செய்யுங்கள்" என்று முடித்திருந்தாய். கோயிலில் பார்க்கிறவர்கள்கூட, "ஒங்க வளர்ப்பு வீண் போகலை, புள்ளை ஞானியாயிட்டான்" என்று கும்பிடுகிறார்கள். சில வருஷத்துக்கு முன்னால் என்றால் நான் அதைக் கேட்டுப் பூரித்துப் போயிருப்பேன். இப்போது அவர்கள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. நான் உனக்குக் காட்டியது என்ன வழி என்பதை உன்னிடம் நானே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டுவிட்டு நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ.

உன் அப்பாவை நீ நோயாளியாகத்தான் அதிகம் நினைவு வைத்திருப்பாய். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர் வேறு ஆள். வயலுக்குப் போனால் போன வேலையை மறந்து நிற்பார். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு நெல்லைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இலையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "முருகா, நல்லாருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் கையை வைப்பார். புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். "தின்னு பாக்காமயே நல்லாருக்குன்னா எப்புடி?" என்று ஒருநாள் கேட்டேன். "எலைக்கு வந்து சேந்துருக்குல்ல, அதான் நல்லாருக்கு" என்றார். தை மாதம் மாலை போட்டுப் பழனிக்கு நடப்பார். அதற்கு முன்னால் நாற்பது நாள் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. முகத்தில் ஒன்றும் தெரியாது, வீட்டில் இன்னொருவரையும் விரதம் இரு என்று சொல்லமாட்டார். திரும்பி வந்து மாலையைக் கழற்றினதும், "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று சமையல் கட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டுவார், நான் அதன் மேலேயே எழுதிப் பழகினேன். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்றால் அது அவர் தந்தது.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு மயிலைக் காளை இருந்தது. அவர் அதை வளர்த்த மாதிரி யாரும் பிள்ளையை வளர்த்திருக்க மாட்டார்கள். ஒரு புரட்டாசியில் உழவு நேரம் பார்த்து, பக்கத்து ஊரில் இருக்கிற அழகம்மை அத்தை வீட்டு மாடு செத்துப்போயிற்று. அழகம்மை அவருடைய அக்கா. இவர் விடிந்ததும் மயிலையைக் குளிப்பாட்டி, கழுத்துக்குச் சலங்கை கட்டி, மூன்று மைல் நடத்திக்கொண்டு போய் அக்கா வீட்டில் கட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் காலியாகக் கிடந்த முளைக்கம்புப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் பயந்து போனேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சோறு போடு" என்றார். போட்டேன். வழக்கம்போல இலையைப் பார்த்து நல்லாருக்கு என்றார், வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அழுதது நெசமா, இப்பத் திங்கிறது நெசமாங்க?" என்று கேட்டுவிட்டேன். "ரெண்டும் நெசந்தான்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்க ஒரு ஆயுசு பிடித்தது.

உனக்கு மூத்தவள் நாச்சம்மை. நாலு வயசில் போய்விட்டாள், அப்போது நீ கைக்குழந்தை. உனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், எப்படிப் போனாள் என்று சொன்னதில்லை. தேர்த் திருவிழாவுக்கு அவளுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்துக் கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக் கூட்டிப் போனோம். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைத் தடவிப் போனார்கள். உன்னை இடுப்பிலும் அவளைக் கையிலும் பிடித்துக்கொண்டு தேர் பார்த்தபோது, நான் உன் அப்பாவிடம், "இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்று வாய்விட்டுச் சொன்னேன். எட்டாம் நாள் அவள் இல்லை. விஷக்காய்ச்சல் என்றார்கள். எனக்கு அது காய்ச்சலாகத் தெரியவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தையை மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும், அளவுக்கு மீறிச் சந்தோஷப்பட்டதற்காகப் பிடுங்கிக்கொண்டார் என்றும் என் மனசில் விழுந்துவிட்டது. விழுந்தது முளைத்து மரமாகிவிட்டது. இன்னொன்று என் மடியில் இருக்கிறதே, அதையாவது விட்டுவைக்க வேண்டுமென்றால் இனிமேல் எதிலும் சந்தோஷப்படக்கூடாது என்று முடிவு செய்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தேன், மகனே. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

முதலில் பூவை விட்டேன். பிறகு ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். நகையைக் கழற்றிக் கோயிலில் கொடுத்தேன். பிறகு வீட்டில் மீனும் கறியும் கூடாது என்றேன். உன் அப்பா கோபப்படவில்லை. "நீ எப்புடி வேணும்னாலும் இருந்துக்க. புள்ளைய மட்டும் விட்டுரு" என்றார். நான் கேட்கவில்லை. நான் விரதம் இருக்கிறேன் என்றதும் ஊரில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. கோயிலில் வழி விடுவார்கள், பிள்ளைகளுக்குத் திருநீறு பூசச் சொல்வார்கள். உப்பை விட்ட எனக்கு அந்த மரியாதையை விட முடியவில்லை. அது நாக்கில் படாத ருசி, ஆகவே விரதத்தில் சேராது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

உனக்கு ஒன்பது வயசில் ஒரு தீபாவளி. உன் அப்பா புதுக்கோட்டையிலிருந்து உனக்கு ஒரு நீலச் சட்டை வாங்கி வந்தார். வெள்ளைப் பொத்தான் வைத்தது. நீ அதைப் போட்டுக்கொள்ளக்கூட இல்லை, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாய். உன் முகத்தில் நான் பார்த்த சந்தோஷம் எனக்கு நாச்சம்மையின் பாவாடையை நினைப்பூட்டிவிட்டது. எழுந்து வந்து சட்டையைப் பிடுங்கி, தெருவில் போன ஒரு பையனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். "ஆசைப்படக் கூடாதுப்பா, சாமிக்குப் புடிக்காது" என்று உனக்குச் சொன்னேன். நீ அழவில்லை. "சரி ஆத்தா" என்றாய். என் பிள்ளை அழக்கூட இல்லை என்று அதைப் பத்து வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்பது வயசுப் பிள்ளை அழாமல் நிற்பது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்தது. அன்று அவர் சாப்பிட வரவில்லை.

இனி நீயும் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்லப் போகிறேன். நீ பார்த்தது பாதி. மீதி எனக்கே சமீபத்தில்தான் தெரியும்.

உன் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி விழுந்தது தை மாதத்தில். அந்த வருஷம்தான் அவர் பழனிக்குப் போகவில்லை. டவுனுக்கு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் நல்ல மனுஷர், மறைக்காமல் சொன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவர் என்ன கேட்டாலும் குடுங்க. பத்தியம் ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இத்தனை வருஷம் இருந்த விரதத்தை இன்னும் இறுக்கினால் சாமி இவரை விட்டுவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை பிறந்தது. கண்மாய் வற்றி இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் அந்தச் சமயத்தில் நாள் குறித்து, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும் நாலு ஊர் ஜனமும் மீன் பிடிக்க இறங்குவார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு அது இன்னொரு திருவிழா. அடி இல்லாத மூங்கில் கூடையை, ஊத்தா என்போமே, அதைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். வீட்டில் மீன் கூடாது என்று நான் சொன்ன பிறகும் பிடிக்கப் போவார். பிடித்ததை அக்கா வீட்டில் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டு, குளித்துவிட்டு வருவார். அந்த வருஷம் கட்டிலில் கிடந்தார். காலையில் கண்மாய்ப் பக்கம் ஓவென்று சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்கி, "துண்டு வீசிட்டாக" என்றார். நாலு நாளாக மங்கிக் கிடந்த கண்ணில் வெளிச்சம் வந்தது. அழகம்மை அத்தை அப்போதுதான் அவரைப் பார்த்துவிட்டு வெளியே போயிருந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வாய் விரா மீன் கொழம்பு வேணும்" என்றார்.

"இந்த நேரத்துல என்ன பேச்சு இது? சாமிய நெனைங்க" என்றேன்.

"நெனச்சுக்கிட்டுத்தான் கேக்குறேன்" என்றார்.

நான் திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசினேன். உன்னைக் கூப்பிட்டுத் தலைமாட்டில் உட்கார வைத்து, பாட்டுப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். பதினாலு வயசு உனக்கு. நல்ல கணீர்க் குரல். நீ வாசித்துக்கொண்டே இருந்தாய், அவர் கண்மாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உச்சி வேளைக்கு அழகம்மை அத்தை வந்தாள். முந்தானைக்குள் ஒரு சட்டி. வெயிலில் மூன்று மைல் நடந்து வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. நான் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள கொண்டாராதீங்க மதினி, இது வெரத வீடு" என்றேன்.

"இது என் தம்பி வீடும்தான்" என்றாள். "ஒரு கரண்டி. நாக்குல நனைச்சா போதும். அதுக்கப்புறம் வீட்டக் கழுவிவிட்டுரு, நானே வந்து மொழுகித் தாரேன்."

"சாகப் போறவருக்கு ருசி எதுக்கு மதினி? போற வழிக்குப் புண்ணியம் வேண்டாமா?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. சாகப் போகிறவர் என்று அவரை வைத்துக்கொண்டு முதன்முதலாக அந்த வீட்டில் சொன்னவள் நான்தான்.

அவள் கையிலிருந்து சட்டியை வாங்கினேன். அவள் தடுக்கவில்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "அக்கா, வாசம் வருது. வந்துட்டியா?" என்றார். நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். வாசி என்று உனக்குக் கையைக் காட்டினேன். இன்னும் சத்தமாக வாசித்தாய். அழகம்மை அத்தை காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரை உயிரோடு பார்க்கவில்லை. நான் உள்ளே போனேன். "கொட்டிட்டியா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். மனசைச் சாமியிடம் திருப்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டார். இடையில் தண்ணீர் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நான் கொட்டியது ஒரு சட்டிக் குழம்பு. அதற்காக இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி பத்திரிகைக்கு எழுதுவாளா என்று இதைப் படிக்கிற யாருக்காவது தோன்றலாம். சாகிற மனுஷர் கடைசியாக ஒன்றைக் கேட்டார், அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது, அதன் வாசம்கூட அவருக்குக் கிடைத்தது, நான் அதைக் குழியில் ஊற்றினேன். அதைச் செய்யும்போது என் மனசில் துளி வருத்தம் இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இதை எதற்கு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் இன்னும் பெரிய விரதக்காரி ஆனேன். நீ படித்தாய், டவுனில் வாத்தியார் ஆனாய், விசாலத்தைக் கட்டினாய். கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து உன் இலையில் விழுந்த பாயசத்தை நீ பக்கத்தில் தள்ளி வைத்ததைப் பார்த்தேன். விசாலம் உன்னைத் திரும்பிப் பார்த்ததையும் பார்த்தேன். அப்போதுகூட எனக்குப் பெருமைதான்.

போன வருஷம் விசாலம் குழந்தையோடு வந்து என்னிடம் பத்து நாள் இருந்தாளே, அப்போதுதான் முதன்முதலாக எனக்கு ஒன்று உடைந்தது. குழந்தை தெய்வானைக்கு அப்போது மூன்று மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி என் மடியில் போட்டுவிட்டு விசாலம் துணி அலசப் போனாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போயிற்று. வசம்பும் எண்ணெயுமாக ஒரு வாசம். என் உடம்பு முழுக்க ஒரு இனிப்பு ஏறியது. இருபத்தைந்து வருஷமாக நான் அண்டவிடாத ஒன்று. அந்த இனிப்பு ஒரு நிமிஷம்தான். யாராவது பார்க்கிறார்களா என்று, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மோட்டுவளையை நிமிர்ந்து பார்த்தேன். விசாலத்தைக் கூப்பிட்டுக் குழந்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"ஏன் அத்தை, புடிக்கலையா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருச்சு, அதான்" என்றேன்.

சொன்ன பிறகு நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் ஆசையை விட்டவள் என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன். நான் எதையும் விடவில்லை. பயந்து ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்திருந்தேன். சாமியைக் கும்பிட்டேனே தவிர, நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர் கொடுத்ததைக் கண்டு இப்படி நடுங்கியிருப்பேனா? ஆனாலும் இதை உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதலாம், நேரில் சொல்லலாம் என்று ஆறு மாதத்தை ஓட்டிவிட்டேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. ஒன்பது நாள் ஜுரம் என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அது என் எழுத்து மாதிரி இருந்தது.

உன் கடிதம் வந்த மறு வாரம் அழகம்மை அத்தையைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ் அன்று வரவில்லை, நடந்தே போனேன். கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கிழவியாகிவிட்டாள். "வா" என்றாள், அவ்வளவுதான். காலில் விழுந்தேன். மன்னித்துவிடுங்கள் மதினி என்று அழுதேன். அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. "நான் மன்னிச்சா அது அவன் வாய்க்குப் போயிருமா?" என்றாள். ஒரு கை கடலையை உரித்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "நான் அன்னைக்கு ஒன்னயப் புடிச்சுத் தள்ளிட்டு உள்ள போயிருப்பேன். ஒத்தக் கையில தள்ளிருப்பேன். அவன்தான் காலையில என்கிட்டக் கொழம்பு கேட்டப்பவே சொல்லிட்டான். 'அவ குடுக்க விடமாட்டாக்கா. விடலைன்னா சண்டை போடாம திரும்பிப் போயிரு. புள்ளையப் பறிகுடுத்ததுலருந்து அவ பயந்து போயிக் கெடக்கா, அவளப் போட்டு அடிக்காத'ன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்."

என் பயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாதது அவருக்குத் தெரிந்து, தெரிந்ததால் பொறுத்து, தனக்குக் கிடைக்காமல் போனாலும் போகட்டும் என்று தன் கடைசி ஆசையை அவரே விட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் விட்டவர் ஒருவர்தான். அவர் நெல்லை மென்று பார்த்து, மாட்டுக்காக அழுது, குழம்புக்கு ஏங்கிய மனுஷர்.

அத்தை எனக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். யுத்தத்தால் அரிசி அவள் வீட்டிலும் இல்லை. "உப்பு போதுமா?" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. கூடவா குறையா என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. போதும் மதினி என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன். இப்போது தினமும் விசாலம் சமைக்கிறதை உப்புப் போட்டே சாப்பிடுகிறேன். ருசி இன்னும் பிடிபடவில்லை. இனி பிடிபடுமா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் கையை வைப்பதற்கு முன்னால் இலையை ஒரு தரம் பார்க்கிறேன்.

மகனே, துறவு தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன அருகதை? மனசு நிறைந்து, உலகத்தை ஒரு குறையும் சொல்லாமல், சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அப்படிப் போனாயா என்றுதான் கேட்கிறேன். விசாலம் சொன்னாள், குழந்தையை அவள் கொல்லையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ கிளம்பியிருக்கிறாய். குழந்தை அழுத சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில் பற்று விட்டவன் தைரியமாகத் திரும்பிப் பார்த்திருப்பான். தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக்கூடப் போயிருப்பான். பார்த்தால் போக முடியாது என்று தெரிந்ததால்தான் நீ பார்க்கவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அங்கே உனக்கு நிம்மதி இருந்தால் இரு. ஒரு கார்டில் விலாசம் மட்டும் எழுதிப் போடு. நான் வந்து உன்னைக் கும்பிட்டுவிட்டு, விசாலத்துக்கும் எடுத்துச் சொல்கிறேன். அங்கே நிம்மதி இல்லாமல், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று காததூரம் தள்ளி இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால், வந்துவிடு. யாரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள். வந்தால் பயம் போய்விடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். குழந்தைக்கு மறுபடியும் ஜுரம் வரும். போன மாதம் வந்தது, மூன்று நாள். நானும் விசாலமும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதையாவது விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்ள வாய் வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாமல் இருந்தேன். இறக்கி வைக்கவும் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கைவரவில்லை.

அவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாலு பல். ஆம்பிளைக் குரல் எங்கே கேட்டாலும் அந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறாள். யார் என்று பார்ப்பதில்லை. நேற்று தபால்காரர் நமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகும்போது அவரைப் பார்த்து நீட்டினாள். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டார். அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கி விட்டபோது அழுதாள். விசாலம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.